எகிப்துக்குப் புறப்பட்டு எயிற்பட்டினம் போனோம்!

போன ஆவணியில் ஒருநாள் ராத்திரி, தோசைக்கு அரைத்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. துபாயிலிருந்து என் நாத்தனார் மகள்.

"அத்தை, எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்து ரெடியா வெச்சுக்குங்க. தை மாசம் எகிப்து போறோம். அலெக்சாந்திரியா, செங்கடல் பக்கம், பிரமிடு எல்லாம். ஆயாவையும் கூட்டிக்கிட்டுத்தான்!"

அந்தப் பெண் எதையும் பாதியில் விடமாட்டாள். மறுநாளே எந்த ஊரில் எத்தனை நாள், எந்த ஓட்டல் என்று பட்டியல் வந்துவிட்டது. கடற்கரை ஓரமாகவே பத்து நாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. திண்டிவனத்தை விட்டால் திருப்பதி, திருப்பதியை விட்டால் மும்பையில் நாத்தனார் வீடு. என் உலகம் அவ்வளவுதானே! இவர்கூட "போய்த்தான் பாப்போமே" என்று அலமாரியில் பழைய அட்லஸைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் அத்தை? அதாவது என் மாமியார். அவருக்கு வயது எழுபத்து நாலு. முழங்கால் வலி உண்டு, அது பெரிதில்லை. கண்தான் விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தை அடிக்கடி நிலைப்படியில் இடித்துக்கொள்வார். தட்டில் வைத்த கூட்டு ஓரத்தில் இருந்தால் "இன்னிக்குக் கூட்டு இல்லையாம்மா?" என்பார். எனக்குக்கூட கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், வேண்டுமென்றே கேட்கிறாரோ என்று! கண்புரையாக இருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். டாக்டரம்மா சோதித்துவிட்டு, புரை கொஞ்சம்தான், இது கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுமாம். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. முதலில் பக்கவாட்டுப் பார்வை போகும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. போன பார்வையைத் திருப்பித் தர மருந்து இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க.

"எப்படித் தெரியுது அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊதாங்குழல் வழியாப் பாக்குற மாதிரிம்மா" என்றார். "நீ தெரியுற. உன் கை தெரியல."

அன்றைக்குக் கூட்டு விஷயத்தை நினைத்து நான் ராத்திரி தூங்கவில்லை.

அதனால் எகிப்து பட்டியலை வைத்துக்கொண்டு நானும் இவரும் உட்கார்ந்தபோது முதல் கேள்வியே இதுதான். பத்து நாள், புது இடங்கள், புதுப் படிக்கட்டுகள், விமான நிலையக் கூட்டம், வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. செலவும் சாதாரணமில்லை. அத்தையை விட்டுவிட்டுப் போவது என்பதை நாத்தனார் மகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அத்தையே முடித்து வைத்தார்.

"எனக்குக் கடல் பாக்கணும்னா அதுக்கு எகிப்து எதுக்கு? மரக்காணத்துல இல்லாத கடலா?"

அத்தை பிறந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்பள ஊர். எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே இருந்த உறவுகளும் இடம் மாறிப் போய்விட்டார்கள். அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல்! நமக்குப் பக்கத்து ஊர் என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று போகாமலே இருந்துவிடுகிறோம், இல்லையா?

நாத்தனார் மகளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவள்தான் மறுவாரம் துள்ளிக்கொண்டு போன் செய்தாள். செங்கடல் ஓரத்தில் குசெய்ர் அல் காதிம் என்று எகிப்தில் ஒரு பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் பேர் எழுதியிருக்கிறதாம். சாத்தன், கணன் என்று. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. அதே காலத்தில் எகிப்திலிருந்து வியாபாரம் செய்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த பயணக் குறிப்பில் நம் கிழக்குக் கரைத் துறைமுகங்களும் வருகின்றன. அதில் 'சோபட்மா' என்கிறாரே, அது மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். 'பொதுகே' என்பதைப் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்கிறார்கள். அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மதுச்சாடிகளே கிடைத்தன.

"அத்தை, அந்தக் காலத்துல எகிப்துக்காரன் காசு செலவழிச்சு உங்க ஊருக்கு வந்திருக்கான். நாம எதுக்கு அங்க போகணும்? அவன் வந்த இடத்தைப் பாக்கலாம்!"

சரி என்று தீர்மானமாயிற்று. தை மாதம், பொங்கல் முடிந்து, மூன்று நாள். எங்கள் வீட்டையே சத்திரமாக வைத்துக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்புவது. அத்தைக்குத் தன் கட்டில், தெரிந்த பாத்ரூம், இருட்டிலும் கை பழகிய சுவர். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்பேன். ஓட்டல் அறையில் ராத்திரி எழுந்து கால் தடுக்கிவிட்டால் மறுநாள் சுற்றுலா ஆஸ்பத்திரியில்தான்.

மும்பையிலிருந்து நாத்தனார், அவர் வீட்டுக்காரர், துபாய்ப் பெண், அவள் தம்பி எல்லோரும் விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அத்தை, என் மகன். ஒரு வேன் பேசினோம். டீசல், டிரைவர் பேட்டா, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று நாளைக்கும் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கியது. எகிப்துக்கு ஓர் ஆளின் டிக்கெட்டே அதைப்போல் பலமடங்கு!

கட்டுச்சாதம் புளிச்சோறுதான். வேறு என்ன? திண்டிவனம் என்ற பேரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது. 'திந்திரிணி' என்றால் புளி, கோயிலில் சாமி பேரும் திந்திரிணீஸ்வரர். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். இந்தப் புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். எந்தக் காலத்திலோ இங்கே வந்து நம்முடையதாகிவிட்டது. அரபியில் அதற்கு 'இந்தியாவின் பேரீச்சை' என்று பேர். எகிப்தில் நோன்பு மாதத்தில் புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு ஜில்லென்று குடிப்பார்களாம். ஊறுகாய்க்கே கை நீட்டாத நாத்தனார் பையன், இதைக் கேட்டதும் அதுதான் வேண்டும் என்று நின்றான். செய்து கொடுத்தேன். வெல்லம் போட்டு, கொஞ்சம் ஏலக்காய் தட்டி. நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் மரக்காணம். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். திண்டிவனத்திலேயே கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. வேன் அந்தப் பக்கம் வந்தபோது இவர் ஆரம்பித்துவிட்டார். ரிடையரான தமிழ் வாத்தியாரைக் கேட்கவேண்டுமா! சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மா நாட்டு அரசன். அவனுடைய ஊர்தான் இந்தக் கிடங்கில். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடும் மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் இருக்கிறது. பாணர்கள் எந்த வழியாகப் போனால் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று பாட்டிலேயே சொல்லியிருக்கிறாராம்: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் கருத்து. "அப்பவே புளிச்சோறு இருந்திருக்கு அண்ணி" என்றார் நாத்தனார், மடியில் இருந்த தூக்கைத் தட்டிக்கொண்டு.

போகிற வழியில் கழுவேலி ஏரி. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கார்த்திகையிலிருந்து மாசிவரை வெளியூர்ப் பறவைகள் வரும். நாங்கள் போனபோது தூரத்தில் நீர்க்கோடு முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக ஒரே கூட்டம். பிள்ளைகள் தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அத்தையிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துக்கொண்டார். சிரித்தார். "ஏற்கெனவே குழாய் வழியாத்தான் பாக்குறேன். இது இன்னொரு குழாயா?" என்றார். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

உப்பளம் தை மாதத்தில் வெள்ளையாக இருக்காது. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்று அப்போதுதான் வடிந்திருக்கும். பாத்திகளைச் சீர்செய்து, சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரை கெட்டியாக்கிக்கொண்டிருந்தார்கள். தரை கெட்டியானால்தான் பிறகு பாய்ச்சுகிற உப்புநீர் கீழே இறங்காமல் வெயிலில் வற்றி உப்பாகும், சேறும் கலக்காது. போன வருஷத்து உப்பு, ஓலை மூடிய குவியல்களாகச் சாலையோரம் இருந்தது. வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அத்தை வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று விசாரித்தார். ஒரு வயதான அம்மாள் அத்தையின் அப்பா பேரைச் சொன்னதும் ஞாபகப்படுத்திக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேதான் அத்தை அந்த வார்த்தையைச் சொன்னார். பேச்சோடு பேச்சாகத்தான். "எங்கம்மாவும் இங்கதான் உப்பு வாரினா. கடைசி நாலஞ்சு வருஷம் தட்டுத் தடவித்தான் நடந்தா. உப்பளத்து வெயில் கண்ணைத் தின்னுடுச்சுன்னு சொல்லிக்கிட்டோம்."

வெயில் பட்ட உப்பின் பளபளப்பு கண்ணுக்குக் கெடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கிளாக்கோமா குடும்பத்தில் இறங்கும். அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் அவசியம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இவர் அப்போதே பார்த்துக்கொண்டார். அழுத்தம் சரியாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். நாத்தனாருக்கு நான் போனில் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். "நேரமே இல்லை அண்ணி. எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்பார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. கல்வெட்டுகள் நிறைய. சிறிய, அமைதியான கோயில். படிகள் குறைவு. அங்கிருந்து கடற்கரை. அத்தையை நாற்காலி போட்டு ஈர மணலில் உட்கார வைத்தோம். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. அத்தை இடது பக்கத்திலிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பி வலது பக்கம்வரை கொண்டுபோனார். மறுபடி வலதிலிருந்து இடது. துடைப்பத்தால் திண்ணையைக் கூட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. என்ன செய்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கடல் முழுசும் ஒரே பார்வைக்குள் வராது என்பதால் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்!

இவர் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

வடக்கே கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. ஆற்காட்டு நவாப்களின் துறைமுகமாக இருந்து, 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர் இடித்தது. மணலில் நடக்கவேண்டும், முழங்காலுக்கு ஆகாது. பிள்ளைகள் மட்டும் போய்வந்தார்கள். நாங்கள் வேனில் புளிச்சோற்றை முடித்தோம்.

இரண்டாம் நாள் செஞ்சி. இங்கேதான் நான் செய்த தப்பு. அத்தைக்கு ஒரு மருந்து காலையும் இரவும் போடவேண்டும். அவசரத்தில் காலைச் சொட்டைப் போடாமல், புட்டியையும் எடுக்காமல் கிளம்பிவிட்டேன். கோட்டை வாசலில் டிக்கெட் வாங்கும்போது திடீரென்று ஞாபகம் வந்து வயிற்றைப் புரட்டியது. நல்லவேளை, டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மகன் ஊருக்குள் ஓடி அதே மருந்தை வாங்கிவந்தான். கோட்டைக்குள் மரத்தடியில் வைத்துப் போட்டேன். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை விரலால் ஓரிரு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணில் தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, குரங்குகள் எங்கள் பையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தன. பழம் கொண்டு போகிறவர்கள் ஜாக்கிரதை!

செஞ்சிக்கு இப்போது தனி மவுசு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். மும்பைக்கார நாத்தனாருக்கு ஏகப் பெருமை. சிவாஜி 1677-ல் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே வர முடிந்தது. தேசிங்கு ராஜா 1714-ல் மாண்டதைத்தான் நம் ஊரில் தெருக்கூத்தாக ஆடுகிறார்களே.

ராஜகிரி எண்ணூறு அடி உயரம். காலையிலேயே ஏறிவிட வேண்டும். மத்தியானத்துக்குமேல் பாறை அடுப்பாகிவிடும். மலை ஏறாதவர்களுக்கும் கீழேயே ஒரு நாள் போதாது. கல்யாண மஹால், பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள், யானைக்குளம், எல்லாம் ஓரளவு சமதரை. களஞ்சியத்துக்குள் அத்தை பேசிய குரல் திரும்பி வந்தது. "எத்தினி மூட்டை புடிக்கும்!" என்று அண்ணாந்து பார்த்தார். முற்றுகை ஏழு வருஷம் தாங்கியது எப்படி என்பது அந்த இடத்தில் நின்றால் புரியும். பீரங்கியை எல்லாம் விடுங்கள். சோறு இருந்தது!

திரும்பும்போது விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கட்டினேன் என்று அவனே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். ஊரே சத்தமில்லாமல் இருந்தது. வாயிற்காவலர் சிலைகள் இரண்டையும் பார்த்துவிட்டு அரைமணியில் கிளம்பிவிட்டோம். வெயில்.

மூன்றாம் நாள் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியன்று போனால் கூட்டம் தாங்காது. நாங்கள் சாதாரண நாளாகப் பார்த்துப் போனோம். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மண்ணுக்குள் புதைந்து கல்லாகிக் கிடக்கின்றன. அத்தை குனிந்து ஒரு மரத்தின் மேல் கை வைத்தார். பட்டையின் வரி, கணு எல்லாம் விரலுக்குத் தட்டுப்பட்டது. "மரந்தான். ஆனா சில்லுனு இருக்கு" என்றார். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தவர் அவர்தான்.

மேல்சித்தாமூர் சமணமடம் பார்க்க நினைத்தோம், முடியவில்லை. மயிலம் முருகனுக்கு வேனிலிருந்தே கும்பிடு.

அன்றைக்கு ராத்திரி நாத்தனார் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். "அண்ணி, டிக்கெட்டை நாலு நாள் தள்ளிப் போட்டிருக்கேன். அந்த டாக்டரம்மாகிட்டே ஒரு எட்டு போய் வந்துடலாமா?"

போனோம். அழுத்தம் பார்த்தார்கள், இருட்டறையில் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பக்கப் பார்வையைச் சோதித்தார்கள். நாத்தனாருக்கு வயது ஐம்பத்திரண்டு. வலது கண்ணில் மேல் ஓரம் கொஞ்சம் போயிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. இப்போதே மருந்து ஆரம்பித்தால் இதோடு நிறுத்திவைக்கப் பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மும்பையிலிருந்து போன் வருகிறது. வேறு பேச்சே கிடையாது.

"அம்மா, சொட்டு போட்டாச்சா?"

"ஆச்சு. நீ போட்டியா?"